சித்தப்பாவுக்கு இல்லாத அதிகாரம்

பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் பந்தைப் பார்க்கவில்லை. கரப்பந்து மைதானத்தின் ஓரத்தில் மடக்குக் கதிரையில் இருந்துகொண்டு, மடியில் விரித்துவைத்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகக் கோடைத் தவணையில் அமெரிக்க அரசியல் யாப்பு என்கிற அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு பாடம் எடுத்திருந்தேன். ஆசைப்பட்டு எடுத்ததல்ல. வேறு வகுப்புகளில் இடம் இல்லை. செவ்வாய்க்கிழமை பரீட்சை. சட்டம் செய்கிற கை, அதை நடத்துகிற கை, தீர்ப்புச் சொல்கிற கை என்ற மூன்றும் ஒரே ஆளின் கையாக இருக்கக்கூடாது என்று அந்தப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குக் கொட்டாவி வந்தது.

"அது அவுட்," என்ற சத்தத்தில் நிமிர்ந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் ஒஷாவா அங்கிள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்," என்றார் சித்தப்பா, இந்தப் பக்கத்திலிருந்து.

"அடிச்சதும் நீ, இன் எண்டு சொல்லுறதும் நீ. இதென்ன நியாயம் மச்சான்?"

"கப்டன் நான்தானே."

"அப்ப கப்டன் பிழை விட்டால் ஆரிட்டைப் போய் முறையிடுறது?"

சித்தப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "என்னட்டைத்தான்."

மைதானம் முழுவதும் சிரித்தது. பக்கத்தில் ஸ்கோர்ப் புத்தகத்தோடு இருந்த சித்தியும் சிரித்தார். எனக்கோ சிரிப்பு வரவில்லை. மடியில் கிடந்த பக்கம் எழும்பி வந்து மைதானத்தில் நிற்கிறதே! அணியைத் தெரிவுசெய்பவர் சித்தப்பா. பிந்தி வந்தால் இரண்டு சுற்று ஓடவேண்டும், அலைபேசி எடுத்தால் வெளியே இருக்கவேண்டும் என்று விதி போடுபவரும் அவர். பந்து உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்பவரும் அவரே. ஒரு தலையில் மூன்று தொப்பி. பதினொரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

ஒஷாவா அங்கிளும் சிரிக்கவில்லை. "உந்தக் கழகம் உன்ரை வீட்டுச் சொத்தோ?" என்றார்.

"பிடிக்காட்டி அடுத்த கிழமை வராதை. பேரை வெட்டிவிடுறன்."

அங்கிள் பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் ஐந்து பேர் நடந்தார்கள்.

இந்த இரண்டு பேரையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சித்தப்பா என் அப்பாவின் தம்பி. ரூஜ் பக்கம் வீடு. வீடு வீடாகப் போய்ச் சூடாக்கியும் குளிரூட்டியும் திருத்துகிற வேலை. ஒஷாவா அங்கிள் எங்கள் உறவில்லை. இரண்டு பேரும் ஒரே குளிர்காலத்தில், அமெரிக்காவுக்கு வடக்கே இருக்கிற இந்த நாட்டுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் இருந்தவர்கள். மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இரண்டு மரங்களுக்கு நடுவில் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றைக் கட்டி, அதையே வலை என்று சொல்லிக் கரப்பந்து விளையாடத் தொடங்கியவர்கள். அதுதான் இன்றைக்கு இருபத்தாறு பேர் விளையாடுகிற கழகம். காலையில் பதினொரு பேர், எல்லாரும் நரைத்தவர்கள். பின்னேரம் பதினைந்து பேர், எல்லாரும் முழங்கால் நோ தெரியாதவர்கள். ஒஷாவாவிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிற மனிதரின் பெயரைத்தான் சித்தப்பா ஒரு வாய்ச் சொல்லில் வெட்டினார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சங்கமோ கழகமோ எது தொடங்கினாலும் சில வருடத்தில் அது இரண்டாகும். பிரிந்து போனவர்கள் பழைய பெயருக்கு முன்னால் 'ஐக்கிய' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வார்கள். பிரிவினைக்கு இவ்வளவு பொருத்தமான சொல்லை வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. செவ்வாய்க்கிழமை நான் பரீட்சை எழுதி வெளியே வந்து அலைபேசியைத் திறந்தால், புது வாட்ஸப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருந்தார்கள். பெயரின் முதற்சொல் 'ஐக்கிய'.

அன்றிரவு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி புட்டும் சம்பலும் வைத்தார். சித்தப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் பார்க்கவில்லை.

"இலையுதிர்காலச் சுற்றுப்போட்டிக்கு இந்த மாதக் கடைசிக்குள்ளை பேர் குடுக்கவேணும்," என்றார் சித்தி என்னிடம், அவருக்குக் கேட்கும்படி. "ரண்டு அணியாக் குடுத்தால் பிறகு ஒட்டாது. எத்தினை சங்கத்தைப் பாத்திட்டம்."

"போறவன் போகட்டும்," என்றார் சித்தப்பா. ஆனால் அவருடைய தட்டில் புட்டு அப்படியே கிடந்தது.

நான் வாய் திறந்தேன். "நான் ஒரு யாப்பு எழுதுறன்."

"என்னது?"

"கழகத்துக்கு யாப்பு. ஆருக்கு என்ன அதிகாரம், ஆருக்கு இல்லை எண்டு."

சித்தி உடனே கையைத் தட்டினார். "எழுது பிள்ளை, நீட்டா எழுது. ரண்டு பேரும் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ளை கோவம் ஆறிடும்."

எழுத ஸ்காபரோ நூலகத்துக்குப் போனேன். அமெரிக்காவின் யாப்பை எழுதியவர்கள் பிலடெல்பியாவில் ஒரு கோடை முழுவதும் யன்னல்களை அடைத்துவைத்துக்கொண்டு வியர்த்து வியர்த்து விவாதித்தார்களாம், கதைப்பது வெளியே கேட்கக்கூடாது என்று. எனக்கு நூலகத்துக் குளிரூட்டியில் பல்லுக் கிட்டியது. மற்றபடி எங்கள் நிலைமை ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அவர்களிடமும் முதலில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பதின்மூன்று மாநிலங்களும் ஒத்துக்கொண்டாலொழிய அதில் ஒரு வரியைக்கூட மாற்ற இயலாது. ஒரு மாநிலம் தலையை ஆட்டாவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். எங்கள் குடும்பத்தில் சுற்றுலாவுக்கு இடம் தெரிவு செய்வதும் இந்த விதியின்படிதான் நடக்கிறது, அதனால்தான் நாங்கள் எங்கேயும் போவதில்லை.

பரீட்சைக்குப் படித்தபோது கண்ணில் படாத ஒன்று, எழுத உட்கார்ந்தபோது பட்டது. அந்த யாப்பு நல்லவர்களை நம்பி எழுதப்பட்டதல்ல. நல்ல தலைவர் வருவார், நல்ல சபை கூடும் என்று எதிர்பார்த்து எழுதியிருந்தால் அது இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். அவர்கள் கெட்ட நாளுக்காக எழுதினார்கள். ஆசை உள்ள ஒருவன் அதிகாரத்தைக் கூட எடுக்கப் பார்ப்பான், பக்கத்தில் ஆசை உள்ள இன்னொருவனை நிறுத்திவை, அவன் விடமாட்டான் என்கிற மாதிரி ஓர் ஏற்பாடு. அதிகாரத்தைப் பிரித்துவைக்கிற இதற்கு எங்கள் ஊர்ப் பாடப்புத்தகங்களில் வலுவேறாக்கம் என்று பெயர். உச்சரிக்கவே வாய் வலிக்கிற சொல். ஆனால் பொருள் எவ்வளவு எளிது! சித்தப்பா கெட்டவர் அல்ல. வெயிலில் வியர்த்து, ஒரு புள்ளி பின்னால் நிற்கிற நேரத்தில் எந்த மனிதனும் தன் பந்தை 'இன்' என்றுதான் காண்பான். அந்த நிமிடத்துக்குத்தான் யாப்பு வேண்டும்.

மூன்று தொப்பிகளையும் பிரித்தேன். கப்டன் அணியைத் தெரிவுசெய்வார், பயிற்சி நடத்துவார். விதிகளை உறுப்பினர்கள் கூடிச் செய்வார்கள். சண்டை வந்தால் மூன்று பேர் கொண்ட முறைப்பாட்டுக் குழு கேட்கும், அதில் கப்டன் இருக்க முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதி மீது குற்றம் சாட்டுவது ஒரு சபை, விசாரிப்பது இன்னொரு சபை. குற்றம் சாட்டுகிற வாயும் தீர்ப்புச் சொல்கிற வாயும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அதற்கு இரண்டு பத்தி எழுதினேன்.

உறுப்பினர் யார் என்ற வரியில்தான் என் கெட்டித்தனத்தை எல்லாம் காட்டினேன். எங்கள் சங்கங்களில் தேர்தல் நாளன்று காணாத முகங்கள் வேன்களில் வந்து இறங்கும். கை தூக்கும், சோற்றுப் பார்சலை வாங்கும், போய்விடும். அதை அடைக்கவேண்டும். 'ஞாயிற்றுக்கிழமைகளில் களத்தில் இறங்கி விளையாடுபவரே உறுப்பினர்' என்று எழுதினேன். ஓட்டை இல்லாத வரி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் சித்தப்பாவுக்குக் காட்டினேன். வீட்டுக் கராஜில், கழகத்தின் கம்பங்களுக்கும் வலைக்கும் நடுவில் இருந்து வாசித்தார்.

"உது அமெரிக்காக்காரன்ரையோ?"

"அவையின்ரை யோசினையள்."

"இப்ப இந்த வரிச் சண்டையிலை இஞ்சை சனம் அமெரிக்கத் தோடம்பழத்தையே கடையில திருப்பி வைக்குது. நீ யாப்பை இறக்குமதி செய்யிறாய்."

"இதுக்கு வரி இல்லை சித்தப்பா. இருநூறு வருசத்துக்கு மேலை பழசு."

"அங்கை இப்ப நடக்கிற கூத்தைப் பாத்தனியோ?"

"பாத்தன். அதைக் கூத்து எண்டு சொல்லுறதுக்கு அந்தத் தாள்தானே அளவுகோல்? தாள் இல்லாட்டி அது வழமையான நாள்."

அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். உறுப்பினர்கள் செய்கிற விதியைக் கப்டன் மறுக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு பேர் மீண்டும் ஆதரித்தால் மட்டும் அது நிற்கும் என்ற இடத்தில் முகம் மலர்ந்தது. "இந்த மறுக்கிற வீட்டோ நல்ல சாமானாக் கிடக்கு."

"அளவாப் பாவிக்கவேணும்."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மறுநாள் ரயில் எடுத்து ஒஷாவாவுக்குப் போனேன். அங்கிள் நிலையத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சித்தப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் வாசிக்கத் தொடங்கியதும்தான், "அவன் சாப்பிடுறானோ?" என்றார்.

"புட்டை மிச்சம் விடுறார்."

"ம்." கொஞ்ச நேரம் வாசித்தார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. "மூண்டில ரண்டு."

"ஓம் அங்கிள். மூன்றில் இரண்டு பெரும்பான்மை."

"பிள்ளை, எங்கட வயசுக்காரருக்கு உந்தக் கணக்கு ஆகாது. அங்கை ஊரிலை ரேடியோவில அந்தச் சொல் வந்தால் எங்கட அப்பா எழும்பிப் போய் நிப்பாட்டிப் போடுவார். பாராளுமன்றத்திலை மூண்டில ரண்டு பெரும்பான்மைச் சனத்திட்டை இருந்தால், சிறுபான்மை எங்களுக்கு எழுதிவைச்ச எதையும் அழிக்கலாம். கை தூக்கினால் சரி. எங்கட கையள் காணாது. அவ்வளவுதான்."

புத்தகத்தில் அந்தப் பின்னம் வெறும் பின்னமாகத்தான் இருந்தது.

"கழகத்திலை என்னைப் பிடிக்காத மூண்டில ரண்டு பேர் சேர்ந்தால்?" என்றார் அங்கிள். "அப்ப என்னை வெட்டலாம்தானே? இப்ப ஒருத்தன் வெட்டினவன். இனி பதினெட்டுப் பேர் வெட்டுவினம். எனக்கு என்ன வித்தியாசம்?"

திரும்பி வருகிற ரயிலில் தலைக்குள் அந்தக் கேள்விதான். பிறகு ஞாபகம் வந்தது. அமெரிக்காவிலும் இதே கேள்வியோடு ஒரு கூட்டம் நின்றது. நீங்கள் எழுதிய யாப்பு நல்லதுதான், ஆனால் எங்கள் உரிமைகள் என்று ஒரு பட்டியல் இல்லையே, பெரும்பான்மை எங்கள் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்று முரண்டு பிடித்தவர்கள். உரிமைப் பட்டியல் சேர்ப்போம் என்று வாக்குக் கொடுத்துத்தான் சில மாநிலங்களில் ஒப்புதல் வாங்க முடிந்தது. முதல் பத்துத் திருத்தங்களும் அப்படி வந்தவை. மறுத்தவர்கள் தோற்றார்கள், ஆனால் யாப்பின் மிக அழகான பகுதி அவர்களுடைய சந்தேகத்தில் முளைத்தது. இதை நினைக்க நினைக்க எனக்கு ரயிலில் இருக்க முடியவில்லை. எழும்பி நின்றேன். பக்கத்து இருக்கைக்காரர் நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்துக் காலை மடக்கிக்கொண்டார்.

இரண்டு வரி சேர்த்தேன். குற்றத்தைச் சொல்லாமல், அவர் பக்கத்தைக் கேட்காமல், யாரையும் கழகத்திலிருந்து நீக்க முடியாது. எத்தனை கை தூக்கினாலும் முடியாது. யாப்பையே திருத்தவேண்டும் என்றால், காலைக் குழுவில் தனியாக மூன்றில் இரண்டு, பின்னேரக் குழுவில் தனியாக மூன்றில் இரண்டு. அமெரிக்காவில் யாப்பைத் திருத்தத் தலைநகரத்தில் மூன்றில் இரண்டு போதாது, நாலில் மூன்று பங்கு மாநிலங்களும் வரவேண்டும். ஓர் அறைக்குள் இருக்கிறவர்கள் கை தூக்கி மட்டும் எதையும் முடித்துவிட முடியாது.

அங்கிளுக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது: 'ஞாயிறு வாறன்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைக்குழுவும் பின்னேரக்குழுவும் ஒன்றாக வந்தன. மரத்தடியில் நின்று யாப்பைச் சத்தமாக வாசித்தேன். ஒஷாவா அங்கிள் தன் கார்க் கதவில் சாய்ந்து நின்றார். சித்தப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடையில் முப்பது அடி தூரம் இருக்கும்.

"ஆதரிக்கிறவை கை தூக்குங்கோ," என்றேன். கைகள் எழும்பின. என் கையும் எழும்பியது. சித்தி ஸ்கோர்ப் புத்தகத்தோடு கையைத் தூக்கினார்.

"ஏங்க, ஒரு நிமிஷம்," என்றது பின்னேரக் குழுவிலிருந்து ஒரு குரல். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே மென்பொருள் எழுதுகிற அண்ணா. யாப்பை அலைபேசியில் திறந்து வைத்திருந்தார். "இதுல ஒரு சின்ன பிரச்சனை இருக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க. களத்துல இறங்கி விளையாடறவங்கதான் உறுப்பினர்னு எழுதியிருக்கீங்க. நீங்க விளையாடறதில்லையே. அக்காவும் விளையாடறதில்ல. அப்ப உங்க ரெண்டு பேர் கையையும் எண்ணக் கூடாதுங்க."

பின்னேரக் குழு ஊளையிட்டது. "எழுதினவவுக்கே வோட்டில்லை!" என்று யாரோ கத்தினான். "சொந்தமா வேலி கட்டி வெளியிலை நிக்கிறா!"

என் கை தானாக இறங்கியது. சித்தியின் கை இறங்கவில்லை.

"அப்ப நான் ஆர்?" என்றார் சித்தி. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "பதினொரு வருசம் ஒரு பந்து விடாமல் எழுதியிருக்கிறன். மழைக்கும் எழுதினனான். நான் ஆர் பிள்ளை?"

வேன்களில் வருகிற முகம் தெரியாதவர்களை வெளியே வைக்க நான் கட்டிய வரி, சித்தியை வெளியே வைத்திருந்தது. எழுதியபோது அவர் முகம் என் நினைவுக்கு வரவேயில்லை. அவர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர், அவ்வளவுதான்.

எங்கள் இரண்டு கைகளையும் கழித்தும் யாப்பு நிறைவேறியது. உடனே முறைப்பாட்டுக் குழு தெரிவானது. சண்டை நடந்த ஆட்டத்தில் விளையாடாத மூன்று பேர். புல்லில் வட்டமாக இருந்து அங்கிளின் கதையைக் கேட்டார்கள், சித்தப்பாவின் கதையைக் கேட்டார்கள். பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. விசாரிக்காமல் பெயரை வெட்டியது செல்லாது. பந்து உள்ளேயா வெளியேயா என்பது யாருக்கும் தெரியாது, ஆகவே அந்தப் புள்ளியைத் திரும்ப விளையாடவேண்டும்.

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். கம்பங்கள் அவருடைய கராஜில் இருக்கின்றன. வலை அவர் வாங்கியது. அந்தத் தாளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் யார் தடுப்பது? ஒரு காகிதம் ஒரு மனிதனைக் கட்டுவது அவன் கட்டுப்பட்டு நிற்கிறபடியால்தான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி இரண்டு தவணை முடிந்ததும் தானாகவே வீட்டுக்குப் போனார் என்று படித்தபோது அதில் என்ன பெருமை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த மூன்று நொடியில் விளங்கியது.

சித்தப்பா பந்தை எடுத்து வலைக்கு மேலால் அங்கிளிடம் எறிந்தார். "சேர்விஸ் உன்ரை. போடு."

அங்கிள் போட்டார். பந்து நேரே வலைக்குள் போனது.

"இதையும் இன் எண்டு சொல்லட்டோ மச்சான்?" என்றார் சித்தப்பா.

"உன்ரை வாயைக் கழுவு," என்றார் அங்கிள். முப்பது அடி தூரம் காணாமல் போனது. ஐக்கியக் குழுவை அங்கேயே நின்று அலைபேசியில் அழித்தார்.

அந்தச் சந்தோசத்தில் சித்தப்பாவுக்கு மனம் அகலமாகிவிட்டது. சித்தியையும் என்னையும் பார்த்துக் கையை உயர்த்தினார். "சரி, கேளுங்கோ. மனுசியும் பெறாமகளும் இண்டையிலயிருந்து உறுப்பினர். கப்டன் சொல்லுறன். முடிஞ்சுது."

எல்லாரும் கைதட்டினார்கள். சித்தியின் முகம் தெளிந்தது. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், நன்றி சித்தப்பா என்று. ஆனால் வாயில் வேறு வந்தது.

"இல்லை சித்தப்பா. உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை."

கைதட்டல் நின்றது.

"நல்லதுக்குத்தானே சொல்லுறன்?"

"நல்லதுக்கெண்டாலும் இல்லை. நீங்கள் சொல்லி நாங்கள் உள்ளை வரலாமெண்டால், நாளைக்கு நீங்கள் சொல்லி நாங்கள் வெளியிலை போகலாம். இப்பத்தானே அதை நிப்பாட்டினனாங்கள்?"

ஒஷாவா அங்கிள் வாய்விட்டுச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. ஸ்கோர்ப் புத்தகத்தை மூடி என் கையில் வைத்தார். "விசரி. உனக்குக் கொள்கை கிடைச்சுது. எனக்கு வோட்டுப் போச்சுது." காருக்குள் போய் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு சித்தி மைதானத்துக்கு வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "உறுப்பினர் இல்லாத ஆள் எழுதின ஸ்கோர் செல்லுமோ?" இரண்டு ஞாயிறாக மைதானத்தில் ஒரே அமளி. பதினெட்டா பத்தொன்பதா என்று ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் சண்டை. நான் எழுதிப் பார்த்தேன், பாதியில் எந்தப் பக்கம் எது என்று மாறிவிட்டது. முறைப்பாட்டுக் குழு விளையாட நேரமில்லாமல் புல்லில் வட்டமாகவே இருக்கிறது. ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில் இருந்துதான் அதிகாரம் வருகிறது என்று படித்திருக்கிறேன். சம்மதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஒரு பெண் வீட்டில் இருந்தால் இருபத்தாறு பேரின் ஆட்டம் எப்படிக் குழம்பும் என்பது புத்தகத்தில் இல்லை.

நான் மறுபடி புத்தகத்துக்குள் போனேன். 'மக்களாகிய நாம்' என்று தொடங்குகிற அந்த யாப்பு அடிமைகளை மாநிலத்தின் தொகை கூட்டுவதற்காக ஐந்தில் மூன்று பங்காக எண்ணியது, வாக்கு என்று வந்தபோது ஒன்றுமே இல்லை. பெண்களுக்கு நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் காத்திருப்பு. பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது, அவர்களுக்காக அல்ல, எனக்காக. அவர்கள் வேண்டுமென்றே விட்டார்கள், நான் கவனியாமல் விட்டேன். வெளியே நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆனாலும் எனக்கு அந்தத் தாளின் மேல் மதிப்புக் குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது. தாங்கள் எழுதியதில் பிழை இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, அதைத் திருத்துவதற்கு அதே யாப்புக்குள் ஒரு கதவு வைத்தார்களே! இலேசாகத் திறக்காத கதவு. திறக்க ஒரு போரும் தேவைப்பட்டது, எத்தனையோ பெண்களின் ஆயுளும் தேவைப்பட்டது. ஆனால் சுவரை இடிக்காமல் உள்ளே வர ஒரு வழி இருந்தது. அந்தக் கதவை நானும் வைத்திருக்கிறேன். நான் வெளியே நின்று தட்டப்போகும் கதவு என்று தெரியாமல் வைத்தது.

முதலாவது திருத்தம் எழுதி முடித்தாயிற்று. ஒரே வரி: 'தொடர்ந்து பத்து ஞாயிறு வந்து, களத்தில் விளையாடுபவரும் களத்தை நடத்துபவரும் உறுப்பினர்.' வேன்களும் வர முடியாது, சித்தியும் வெளியே நிற்க மாட்டார். நான் உறுப்பினர் இல்லாதபடியால் கோயம்புத்தூர் அண்ணா முன்மொழிகிறார். "'பக்'க கண்டுபிடிச்சவன் நானே சரி பண்றேங்க," என்றார். அவர்கள் தொழிலில் பிழைக்குப் 'பக்' என்றுதான் பெயராம்.

பின்னேரக் குழுவில் பத்துப் பேர் வேண்டும். பத்தும் கிடைத்துவிட்டன. காலைக் குழுவில் எட்டு வேண்டும். ஏழு இருக்கிறது. மிச்சத்தில் இரண்டு பேர் முழுதாக மறுத்துவிட்டார்கள். இன்னும் பதில் சொல்லாதவர்கள் சித்தப்பாவும் ஒஷாவா அங்கிளும்.

சித்தப்பாவைக் கேட்டபோது வலையின் பிரிந்த நூலை முடிந்துகொண்டு சொன்னார்: "எனக்கு அதிகாரம் இல்லை எண்டு ஊருக்கு முன்னாலை சொன்னனி. இப்ப வோட்டுக் கேட்டு வாறாய். யோசிச்சுச் சொல்லுறன்."

அங்கிளைக் கேட்டபோது அவருக்கு வேறு கவலை. "உன்ரை அம்மாவாணை, அவ நல்ல மனுசி. ஆனால் ஒரே வீட்டுக்கு ரண்டு வோட்டுப் போகுதே."

"சித்தி சித்தப்பாவுக்குத்தான் போடுவா எண்டு ஆர் அங்கிள் சொன்னது?"

அவர் தாடையைச் சொறிந்தார். அது அவர் யோசித்திராத பக்கம்.

வருகிற ஞாயிறு வாக்கெடுப்பு. ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் இரண்டு பேரும்தான் எப்போதும் வலை கட்டுவார்கள். ஆளுக்கொரு கம்பத்தில் நின்று, ஆளுக்கொரு நுனியை இழுத்து, உன் பக்கம் தாழ்ந்திட்டுது, உன் பக்கம் உயர்ந்திட்டுது என்று ஏசிக்கொண்டு. ஐந்து நிமிடம் எடுக்கும். ஒருவர் கையை விட்டால் வலை விழுந்துவிடும் என்பதால் அந்த ஐந்து நிமிடமும் இரண்டு பேரும் எங்கேயும் போக முடியாது. சித்தியையும் கூட்டிக்கொண்டு, அந்த வலைக்கு நடுவில் போய் நின்று, இரண்டு பேரையும் ஒன்றாகக் கேட்கப்போகிறேன்.